சாருமதியின் நல்ல வாரம்

வலி முழுவதுமாகப் போய்விட்டது என்று சொன்ன சாருமதியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

“அப்புறம் ஏன் இப்படி உக்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டாள் தாட்சாயணி.

“தெரியலீங்க டாக்டர். சந்தோஷப்படணும்னு தெரியுது. ஆனா என்னமோ சரியில்லீங்க.”

கோயம்புத்தூரில் சாய்பாபா காலனியில், எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்யும் கைரோபிராக்டிக் கிளினிக் ஒன்றைத் தாட்சாயணி நடத்திவந்தாள். கிளினிக் அவள் தொடங்கியதல்ல. டாக்டர் ஜெயசீலன் பல வருடங்கள் நடத்திவிட்டு, மகளோடு இருக்கலாம் என்று டொராண்டோவுக்குப் போனபோது அவளிடம் ஒப்படைத்தது. நாற்காலிகள், படுக்கவைத்துத் தானே சிகிச்சை தரும் மேசை, வாசலில் இருந்த அரளிச்செடி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் சேர்த்தே கைமாறின. அந்த நோயாளிகளில் ஒருத்திதான் சாருமதி. வடவள்ளிப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வந்த வேன் இடித்ததிலிருந்து கழுத்தில் வலி. ஒரு கையைப் பிடரியில் வைத்துக்கொண்டேதான் வகுப்பு எடுப்பாள்.

“பிள்ளைங்களுக்கு நான் பேசறது சரியாப் புரியலீங்க,” என்றாள் சாருமதி. “அதே சைகைதான். அதே வார்த்தைதான். ஆனா அந்தக் கடைசி பெஞ்சுக்காரி எந்திரிச்சு, ‘டீச்சர், ஏன் வேற ஆள் குரல்ல பேசறீங்க’ங்கறா.”

“குரல்லயா?”

“கையில பேசறவங்களுக்குத் தோளும் கழுத்தும்தாங்க குரல். அது மாறிப்போச்சாம். இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகைப் பேர் இருக்கும். பிடரியைத் தொட்டுக் காட்டினா அது நான். இப்ப நான் பிடரியைத் தொடறதே இல்லைங்கறதால, என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு அதுகளுக்குத் தெரியல.”

தாட்சாயணி சிரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு குழப்பம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரு மாதமாகச் சாருமதியின் கழுத்தைத் தொடும்போதெல்லாம் விரல்கள் தடுமாறின. எலும்புகள் அதே எலும்புகள். பழைய அடியில் இறுகிப்போன இடமும் அங்கேயேதான் இருந்தது. சுற்றியிருந்த தசைகள்தான் அந்த அடியைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவைபோல நடந்துகொண்டன. வீடு அதே வீடு, உள்ளே சாமான்களை மட்டும் வேறு யாரோ எடுத்து ஒழுங்காக அடுக்கிவைத்ததுபோல.

“மேசைதான் அப்படிப் பழக்கியிருக்கு,” என்று தனக்கும் சேர்த்தே சமாதானம் சொன்னாள். “நீங்க நல்லா இருந்த காலத்துல, பதிவுச் சட்டையை ஒரு வாரம் போட்டிருந்தீங்கல்ல? நடக்கறது, உக்கார்றது, திரும்பறது எல்லாத்தையும் அந்தச் சட்டை பிடிச்சு வச்சிருக்கு. அதைத்தான் மெய்ப்பதிவுங்கறோம். மேசை அதைப் பார்த்துப் பார்த்து உங்க தசையையும் நரம்பையும் பழைய வழிக்குத் திருப்புது. உங்க உடம்புக்கு உங்க நல்ல நாளையே ஞாபகப்படுத்துது, அவ்வளவுதான்.”

சாருமதி சட்டைப் பொத்தானைப் போட்டபடி நிமிர்ந்தாள்.

“நல்லா இருந்த காலத்துலயா? நான் இந்தக் கிளினிக்குக்கு வந்ததே அடிபட்டதுக்கு அப்புறந்தானுங்களே.”

தாட்சாயணி வாயைத் திறந்தாள். அதற்குள் வெளியே வரவேற்பறையில் ஓர் ஆண்குரல் உயர்ந்தது.

வரவேற்பில் இருந்த ஸ்டெல்லா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர். கட்டம் போட்ட சட்டை, நகக்கண்ணில் போகாத எண்ணெய்க் கறுப்பு. ரோஜா நிற உறை போட்ட, பெண்கள் வைத்திருக்கும் ஒரு போனை மேசைமேல் நீட்டிப் பிடித்திருந்தார்.

“நீங்கதான் டாக்டருங்களா? இதைப் படிங்க. சத்தமாப் படிங்க.”

தாட்சாயணி வாங்கிப் பார்த்தாள். கிளினிக்கிலிருந்து தானாகப் போகும் செய்திதான். ‘சாருமதி அவர்களே, உங்கள் கழுத்து நன்றாகத் தேறி வருகிறது. இந்த வாரம் உங்கள் நடையில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. வாழ்த்துகள்.’

“எம் பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில மோட்டார் பட்டறை வச்சிருக்கேன். சாருமதி எம் பொண்டாட்டி. அவ காய்ச்சல்ல போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. அவ நடையில என்னங்க முன்னேற்றம்?”

காத்திருந்த நோயாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“போனை நிறுத்த மனசு வரலீங்க. ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன். அதுல இப்படி வாரா வாரம் வந்தா மனுசன் என்ன பண்றது? முதல் தடவை பார்த்தப்ப, ஒரு நிமிசம்… ஒரே ஒரு நிமிசம் நம்பிட்டேங்க.”

அந்த நேரத்தில்தான் சாருமதி உள்ளறையிலிருந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி, வாசலை நோக்கி நடந்தாள். கைப்பையை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பதற்றத்தில் இருந்த ஸ்டெல்லா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“சாருமதி மேடம்! பை!”

சாருமதி திரும்பினாள். கழுத்தை மட்டும் திருப்பாமல், தோளையும் சேர்த்து, ஒரு சின்னக் குதிப்போடு.

நாச்சிமுத்து பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போகும்வரை இமைக்காமல் பார்த்தார். பிறகு தாட்சாயணியிடம், சற்றுமுன் கத்திய மனிதர் இவர்தானா என்று சந்தேகப்படும்படி மெதுவாகக் கேட்டார்.

“அந்தம்மா யாருங்க?”

விசாரித்துச் சொல்வதாகத் தாட்சாயணி அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று மதியத்துக்குமேல் வந்த நோயாளிகளை ஸ்டெல்லாவிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தாள். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. த. சாருமதி என்று ஜெயசீலனிடம் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியின் அப்பா தண்டபாணி, இன்னொருத்தியின் அப்பா தங்கவேலு. இருவருக்கும் பிறந்த வருடம் ஒன்று. பழைய கணினியிலிருந்து புதியதுக்குப் பதிவுகளை மாற்றியபோது, ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதாக மென்பொருள் முடிவுசெய்து, இரண்டையும் ஒன்றாக்கி, நாச்சிமுத்துவின் மனைவியுடைய போன் எண்ணையே வைத்துக்கொண்டது. ஒன்றாக்கியதைத் தாட்சாயணியிடம் சொல்லவும் செய்திருந்தது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு வரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘சரி’யை அழுத்தியவள் அவள்தான்.

டொராண்டோவில் விடிந்ததும் ஜெயசீலனைத் திரையில் பிடித்தாள். கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா, ரெண்டு சாருமதி. ஒருத்தங்க டீச்சர். ஒருத்தங்க மண் பரிசோதனைக் கூடத்துல வேலை. எனக்குக் குழம்பவே குழம்பாது. நான் பேரை வச்சு யாரையும் ஞாபகம் வச்சுக்கிட்டதில்ல. முதுகைத் தொட்டாத் தெரிஞ்சுடும்.”

“டீச்சரோட மெய்ப்பதிவு எப்ப சார் எடுத்தது?”

“அடிபட்டப்புறம்தான். பிரயோஜனமில்லாத பதிவு அது. வலியோட இருக்கற உடம்பைத்தானே அது பிடிச்சு வச்சிருக்கு? அதனால அவங்களை நான் மேசையில போட்டதே இல்ல. கையாலதான் பார்த்தேன்.”

தாட்சாயணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் மேசைத் திரையில் ‘நல்ல நிலைப் பதிவு உள்ளது’ என்று வந்தபோது தான் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது ஞாபகம் வந்தது. ஆறு வருட வலியை ஆறேழு அமர்வில் போக்கினோம் என்று பெருமை வேறு.

“அப்ப, செத்துப்போன ஒருத்தங்களோட உடம்பை நான் இவங்களுக்குக் கத்துக்குடுத்திருக்கேன்.”

ஜெயசீலன் கோப்பையைக் கீழே வைத்தார். “திருத்திடும்மா. சட்டமும் அதைத்தான் சொல்லும். அவங்கவங்க பதிவு அவங்கவங்களுக்கு.”

“அவங்க பதிவை மேசையில போட்டா வலி திரும்பி வந்துடும் சார். மேசை அந்த வலியைத்தான் கத்துக்குடுக்கும்.”

“அப்ப போடாதே.”

“போடாம, இதையே தொடரவா?”

“அதெப்படி? அது வேற ஒருத்தர் சொத்தாச்சே.” அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எனக்குப் புரியல தாட்சாயணி. என்னைக் கேக்காதே. எங்க காலத்துல பதிவுங்கறது ஒரு எக்ஸ்ரே, ரெண்டு வரி கையெழுத்து. ஆள் மாறிப்போனா எடுத்து வேற உறையில போட்டுட்டு மறந்துடலாம்.”

மறுநாள் சாருமதியையும் அவள் கணவன் திருமூர்த்தியையும் வரச்சொன்னாள். திருமூர்த்தி மின்வாரியத்தில் பொறியாளர். எதையும் கேட்டு முடித்துவிட்டுப் பேசுகிற ஆள். தாட்சாயணி ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டாள்.

“ஒரு மாசமா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நினைச்சுட்டிருந்தேங்க,” என்றான். “இவ சமையல்கட்டுல நிக்கறப்ப பின்னாடியிருந்து பார்த்தா வேற யாரோ நிக்கற மாதிரி இருக்கும். ரெண்டு மூணு தடவை தொண்டையைக் கனைச்சுட்டுத்தான் உள்ள போயிருக்கேன். எங்க வீட்டு சமையல்கட்டுக்கு!”

“நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லை,” என்றாள் சாருமதி.

“என்னன்னு சொல்றது? வலி இல்லாம தூங்கறே. ஒருக்களிச்சுப் படுக்கறே. அதைப் பார்த்துட்டு, நீ நீயா இல்லைன்னு எந்த வாயால சொல்றது?”

சாருமதி தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்தாள். கடையில் எடுத்த புடவையின் துணியைத் தடவிப் பார்க்கிறவளைப்போல இருந்தது அது.

“அவங்க எப்படிப்பட்டவங்க டாக்டர்? இந்தச் சாருமதி?”

“எனக்குத் தெரியாதும்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க.”

பிறகு வழிகளைச் சொன்னாள். தொடர வேண்டுமானால் இறந்தவரின் வாரிசு சம்மதிக்க வேண்டும். சாருமதியின் சொந்தப் பதிவுக்கு மாறினால் வலி திரும்பும். மேசையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டால், கற்றுக்கொண்டதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, வருடம் போகப்போக ஏதோ ஒரு வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அது எந்த வழி, அதில் வலி இருக்குமா இருக்காதா என்பதைச் சொல்ல முடியாது.

“நாங்க எதையாவது முடிவு பண்றதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை பார்க்கணுங்க,” என்றாள் சாருமதி. திருமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாச்சிமுத்துவுக்குத் தாட்சாயணி போனிலேயே எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்குக்கு விடுமுறை நாளில் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. எண்ணெய்க் கறுப்பு போக நகத்தை அழுத்தித் தேய்த்திருந்ததில் விரல் நுனிகள் சிவந்திருந்தன. நான்கு பேரும் வரவேற்பறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில்போல யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை.

“நீங்க வருத்தப்படாதீங்கம்மா,” என்று அவரே தொடங்கினார். “உங்க மேல ஒண்ணும் இல்லை. தெரியாம நடந்ததுதானுங்களே.”

“நான் வேணும்னா நடந்து காட்டட்டுங்களா?” என்றாள் சாருமதி.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் நாச்சிமுத்து தலையசைத்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நீண்ட தாழ்வாரத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். தாட்சாயணி அவளைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைத்தான் பார்த்தாள். அழுவார் என்று நினைத்தாள்.

அவர் அழவில்லை. ஒழுங்காக ஓட வேண்டிய மோட்டாரில் புதிதாக ஏதோ சத்தம் கேட்கிறதே என்பதுபோல நெற்றியைச் சுருக்கினார்.

“இது அவ இல்லீங்க,” என்றார்.

“பதிவு அவங்களோடதுதான். சரிபார்த்துட்டேன்.”

“இல்லீங்க… அவதான். அந்தத் திரும்பறது அவதான். இடது கையை வீசறதும் அவதான். ஆனா இவ்வளவு லேசா அவ நடந்து நான் பார்த்ததே இல்லீங்களே. பதினாலு வருசம் ஒரே வீட்டுல இருந்தேன்.”

மறுபடி நடக்கச் சொன்னார். சாருமதி நடந்தாள். அவர் குழப்பம் தீரவில்லை.

“எப்ப எடுத்ததுங்க இது?”

தாட்சாயணி திரையைத் திருப்பிக் காட்டினாள். பொங்கல் கழிந்த வாரம். நாச்சிமுத்து தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எதையோ கணக்குப்பண்ணின.

“ஏற்காடு,” என்றார் கடைசியில்.

யாருக்கும் புரியவில்லை.

“அவ கூடப் படிச்ச சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாளுங்க. ஒரு வாரம். கல்யாணமான பின்னாடி தனியாப் போனது அது ஒண்ணுதான். டாக்டர் ஏதோ சட்டை குடுத்திருக்காரு, அதைப் போட்டுக்கிட்டே போறேன்னா. நான் தினமும் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போன் போட்டேன். எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு.” அவர் திருமூர்த்தியைப் பார்த்துச் சொன்னார், இன்னொரு கணவனுக்குத்தான் இது விளங்கும் என்பதுபோல. “சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு நாள் கை ஓங்கினதில்லை, ஒரு வார்த்தை அதட்டிப் பேசினதில்லை. நாங்க நல்லாத்தான் இருந்தோம்.”

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னார். “நல்லாத்தானே இருந்தோம்?”

இந்தத் தடவை அது கேள்வியாக இருந்தது. கேட்கப்பட வேண்டியவள் அங்கே இல்லை. அவளுடைய கழுத்தைச் சுமந்துகொண்டிருந்த வேறொருத்திதான் இருந்தாள். சாருமதி எதையாவது சொல்லி அவரைத் தேற்ற நினைத்தாள்.

“உள்ள எப்படி இருக்குதுன்னு மட்டும் எனக்குத் தெரியுங்க. ரொம்ப அமைதியா இருக்குது. யாரும் இப்பக் கூப்பிடப் போறதில்லைன்னு தெரிஞ்சு நிக்கற மாதிரி…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டாள். நாச்சிமுத்து மெல்ல எழுந்தார். மூவருக்கும் கும்பிடு போட்டார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுப்பு என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

“நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது,” என்று சாருமதி அன்று அழுதாள். திருமூர்த்தி அவள் தோளில் கைவைக்கப் போய், இது யாருடைய தோள் என்று ஒரு கணம் தயங்கி, பிறகு வைத்தான். அந்தத் தயக்கத்தைப் பார்த்தபோது, தான் செய்த தவறு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தாட்சாயணிக்கு விளங்கியது. எந்தச் சட்டத்திலும் அதற்கு நஷ்டஈடு எழுதியிருக்காது.

அடுத்த வாரமே சாருமதி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். மேசை இனி வேண்டாம்.

“அவர் சரின்னு சொன்னாலுங்களா?” என்று தாட்சாயணி கேட்டாள்.

“சொன்னாலும் வேண்டாங்க. அந்தம்மாவுக்குன்னு இருந்தது அந்த ஒரு வாரம். அதை நான் வருசக்கணக்கா உடுத்திக்கிட்டுத் திரியறது நல்லாவா இருக்கு? வலி வந்தா வரட்டும். நீங்க கையால பாருங்க.”

தாட்சாயணி இரண்டு சாருமதிகளையும் தனித்தனியாகப் பிரித்தாள். ஜெயசீலனின் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது இவருடையது, இது அவருடையது என்று கையாலேயே ஒதுக்கினாள். மற்ற நோயாளிகளில் வேறு யாரையாவது இப்படிக் கலந்திருக்கிறோமோ என்ற பயத்தில், ஒன்றாக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும் திறந்து பார்த்தாள். அந்த மாதம் முழுவதும் யாருடைய முதுகில் கைவைத்தாலும், இது யாருடையது என்ற கேள்வி முதலில் வந்தது.

சாருமதிக்குச் சில காலைகளில் வலி எட்டிப் பார்த்தது. சில காலைகளில் இல்லை. நடை, பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நடுவில் எங்கோ நின்றது. பள்ளிப் பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு, அவளுக்கு வேறு சைகைப் பெயர் வைத்துவிட்டார்களாம். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். “முடிவாகலைன்னு அர்த்தங்க,” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நாச்சிமுத்து மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் வந்தார். குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஒரு வக்கீலைக் கேட்டேங்க. செத்தவங்க பதிவைப் பார்க்க வாரிசுக்கு உரிமை உண்டுங்கறாரு. உங்களுக்குத் தொந்தரவு பண்றதுக்கில்லீங்க. பார்க்கணும், அவ்வளவுதான்.”

“தாராளமாப் பாருங்க,” என்று தாட்சாயணி பதிவைத் திரையில் விரித்தாள். கோடுகள் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன. கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, விலாவுக்குப் பல. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுல என்னத்தைங்க பார்க்கறது?”

“இதுதாங்க பதிவு.”

“இது வரஞ்ச கோடு. நான் பார்க்க வந்தது இதில்லீங்க.” கதவு திறந்திருந்த உள்ளறையைக் காட்டினார். “அதுல படுத்துப் பார்க்கலாங்களா?”

பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உடம்பைப் பிடித்து வைத்த பதிவை எப்படிப் பார்ப்பது என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கண்ணால் பார்த்தால் கோடு. புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஓர் உடம்பு வேண்டும்.

“உங்க எலும்பு வேற, அவங்க எலும்பு வேற. ரொம்பக் குறைஞ்ச விசையில, கொஞ்ச நேரந்தான் வைக்க முடியும். வலிச்சா உடனே சொல்லணும். வெளிய போனதும் ஒண்ணும் மிஞ்சாது.”

“மிஞ்ச வேண்டாங்க. நான் எடுத்துக்கிட்டுப் போக வரலை.”

சட்டையைக் கழற்றிவிட்டு, மேசையில் முகத்துக்கென்று இருந்த குழிக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தார். மேசையின் மென்மையான இயந்திர விரல்கள் அவர் முதுகில் பரவின. தாட்சாயணி பாதுகாப்புக்காகத் தன் உள்ளங்கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். வருடக்கணக்காக மோட்டாரைக் குனிந்து தூக்கிய முதுகு, பலகைபோல இருந்தது. சிகிச்சைக்கு என்றால் மேசை பதிவைச் சலித்து, சராசரியை மட்டும்தான் கொடுக்கும். இது பார்ப்பதற்கு. அதனால் எதையும் சலிக்காமல் அந்த வாரத்தை, சுருக்கி, இருந்தபடியே ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பலகை இளகியது. மூச்சு இறங்கியது. நாச்சிமுத்து முகம் தெரியாமல் “ஓ…” என்றார், யாரோ கதவைத் திறந்து உள்ளே ஒரு பெரிய அறையைக் காட்டியதுபோல.

அப்புறம் திடீரென்று அவருடைய வலது தோள் காதை நோக்கி ஏறியது. கழுத்து இறுகியது. சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு விட்டது.

“இது என்னங்க?”

“தெரியலீங்க. அப்பப்ப வருது.” திரையைப் பார்த்தாள். ஒரு நாளில் இரண்டு தடவை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

அவருக்கும் விளங்கிவிட்டது. “என் போனு.”

“போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசியிருப்பாங்க. கையில வேலை இருந்திருக்கும். அப்படிப் பிடிச்சாலும் தோள் இப்படித்தான் ஏறும்.”

“இல்லைன்னா, என் பேரைப் பார்த்ததும் இறுகியிருக்கும். எது டாக்டர்?”

“பதிவுல அது தெரியாதுங்க. ரெண்டுக்கும் கோடு ஒண்ணுதான்.”

அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நாட்கள் ஓடின. லேசு, தோள் ஏறுவது, மறுபடி லேசு. கடைசி நாள் இரவுப் பேச்சு வந்தபோது தோள் ஏறியது, வழக்கத்தைவிட வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு விலாக்கள் இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக, நிற்காமல் குலுங்கத் தொடங்கின. அந்தக் குலுங்கல் தாட்சாயணிக்குத் தெரியும். அவள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சட்டை போட்டிருக்கும் வாரத்தில் நோயாளி வாய்விட்டுச் சிரித்தால் விலா இப்படித்தான் பதியும்.

“சிரிச்சிருக்காங்க,” என்றாள். “உங்ககிட்டப் பேசும்போது. ரொம்ப நேரம் சிரிச்சிருக்காங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்க?”

நாச்சிமுத்து யோசித்தார். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஞாபகம் இல்லீங்களே,” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “அந்த இடத்தை மட்டும் இன்னொருக்கா போடுங்க,” என்றார். தாட்சாயணி போட்டாள். மேசை அவர் விலாக்களை மெதுவாகக் குலுக்கியது. பதிவு முடிந்து மேசையின் விரல்கள் ஓய்ந்த பிறகும் அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. முகம் மேசைக்குழிக்குள் இருந்தது. முதுகில் கைவைத்தபடி நின்ற தாட்சாயணிக்கு, இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகும், அது சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை.